திறப்பும் சங்கிலியும்

நீளமான அந்த ரயிலுக்குள் எங்கள் கார் ஊர்ந்து ஏறியதும் பின்னால் இரும்புக் கதவு மூடியது. மஞ்சள் வெளிச்சம். அடியிலிருந்து ஒரு மெல்லிய அதிர்வு. பின்னிருக்கையில் படுத்திருந்த கறுப்பன் தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தான். "ஒண்டுமில்லை ராசா, படு" என்றார் அக்கா. அவன் படுக்கவில்லை. இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டனிலிருந்து பிரான்சின் கலே வரை முப்பத்தைந்து நிமிடங்கள், கடலுக்கு அடியில், அக்காவின் தோளில் முகவாயை வைத்தபடியே வந்தான்.

கறுப்பனுக்குப் பன்னிரண்டு வயது. லாப்ரடோர் இனம். முகவாய் நரைத்துவிட்டது, பின்னங்கால்கள் மாரியில் மடங்க மறுக்கும். அக்காவுக்கு அறுபத்தாறு. லண்டனில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். அத்தான் போய் நாலு வருடமாகிறது. வீட்டை விற்றுவிட்டு, போர்த்துக்கலின் உள்நாட்டில் மலையடிவாரக் கிராமம் ஒன்றில் சிறிய கல்வீடு வாங்கியிருந்தார். ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்களுக்கு அந்த நாடு வதிவிட விசா கொடுக்கிறது. லண்டன் குளிருக்கும் செலவுக்கும் அஞ்சிய பலர் அந்த வழியால் போகிறார்கள். வழித்துணைக்கென்று நான் கனடாவிலிருந்து வந்திருந்தேன்.

போக முடிவெடுத்த நாளிலிருந்து அக்கா கேட்ட புத்திமதி ஒன்றுதான்: நாயை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போ. உனக்கே வயது போய்விட்டது, அதற்கும் வயது போய்விட்டது, இரண்டு கிழங்களும் புது நாட்டில் என்ன செய்யப் போகிறீர்கள்? அன்பானவர்கள் கேட்ட கேள்வி அது. அக்கா யாரோடும் வாதாடவில்லை. விமானத்தில் அனுப்பலாமே என்று நான் சொன்னபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தார். "சாமான் பெட்டியோடை சாமானா அவனை அனுப்ப மாட்டன், தம்பி. இருட்டுக்கை தனிய இருந்து அவன் என்னத்தை நினைப்பான்?" விமானத்தில் அனுப்பும்போது மயக்க மருந்து கொடுப்பதும் நல்லதல்ல. மூச்சும் இதயத் துடிப்பும் தாழ்ந்தால் அந்தரத்தில் பார்க்க ஆளில்லை. தாதியான அக்காவுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆகவே இரண்டாயிரம் கிலோமீற்றரும் தரைவழி.

அக்காவின் மடியில் இரண்டு கோப்புகள். மெலிந்தது அவருடையது, தடித்தது கறுப்பனுடையது. அவன் கழுத்துத் தோலுக்கடியில் அரிசிமணி அளவான சிப் ஒன்றில் பதினைந்து இலக்க எண் இருக்கிறது. வெறிநாய் நோய்க்கான தடுப்பூசி போட்டு இருபத்தொரு நாள் கழிந்திருக்க வேண்டும். ஐரோப்பாவுக்குள் நுழைவதற்கு முந்திய பத்து நாட்களுக்குள் மிருக வைத்தியர் சுகாதாரச் சான்றிதழில் ஒப்பமிட்டிருக்க வேண்டும். 2021க்கு முன்பு இந்தச் சான்றிதழ் தேவைப்படவில்லை. பிரித்தானிய நாய்கள் ஐரோப்பியச் செல்லப்பிராணிக் கடவுச்சீட்டிலேயே போய்வந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நாடு பிரிந்தபோது நாய்களும் வெளிநாட்டு நாய்களாகிவிட்டன.

பிரித்தானியா 1922இல் வெறிநாய் நோயை முற்றாக ஒழித்தது. அதைக் காக்க, வெளியிலிருந்து வரும் நாய்களை ஆறு மாதம் கூண்டில் அடைத்துவைத்தார்கள். செல்லப்பிராணிப் பயணத் திட்டம் வந்து அது தளர்ந்தது 2000ஆம் ஆண்டில்தான். வயதான நாய்கள் சில, அந்த ஆறு மாதத்தைத் தாண்டவில்லை. 1994இல் திறந்த இந்தச் சுரங்கத்தைக் கட்டும்போதும், ஐரோப்பாவின் நரிகள் நோயோடு நடந்து வந்துவிடுமோ என்ற பயம் பெரிதாக இருந்தது. விலங்குகள் நுழையாமலிருக்கத் தடைகள் வைத்தார்கள். கடலுக்கடியில் 38 கிலோமீற்றர். நரி நடந்து வரக்கூடாத அந்த வழியால் கறுப்பன் போய்க்கொண்டிருந்தான், அக்காவின் தோளில் எச்சில் வடித்தபடி.

கலேயில் நகரமண்டபத்தின் முன் காரை நிறுத்தினோம். ரொடாங் வடித்த ஆறு நகரத்தார் சிலை அங்கே இருக்கிறது. இங்கிலாந்து அரசன் மூன்றாம் எட்வேட் 1346இலிருந்து பதினொரு மாதம் இந்த ஊரை முற்றுகையிட்டான். ஊரார் குதிரையைத் தின்றார்கள், பூனையைத் தின்றார்கள், நாயைத் தின்றார்கள். கடைசியில், ஆறு பெரியவர்கள் கழுத்தில் கயிற்றோடும் கையில் ஊரின் திறப்புகளோடும் வந்தால் மற்றவர்களை விடுகிறேன் என்றான் அரசன். அரசி மன்றாடியதால் அந்த அறுவரும் பிழைத்தார்கள் என்பது வரலாறு சொல்லும் கதை. 1895இல் இங்கே நிறுவப்பட்ட வெண்கல மனிதர்களின் பாதங்கள் உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரியவை. போக மனமில்லாத கால்கள் அப்படித்தான் கனக்கும் போலும்.

அக்கா அந்தத் திறப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். லண்டன் வீட்டுத் திறப்பைக் கொடுத்து அப்போது ஒரு நாள்கூட ஆகவில்லை. ஆனால் அவர் கைப்பையில் இன்னொரு திறப்பு இருப்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசுவதில்லை.

பிரான்சை நாங்கள் கறுப்பனின் மூக்கின் வழியாகத்தான் பார்த்தோம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்தம். சாய்பலகை வைத்து மெல்ல இறக்க வேண்டும். இறங்கியதும் அவன் புல்லை முகர்வான். ஒரு முழத்துக்கு ஒரு நிமிடம் எடுப்பான். எங்களுக்கு எல்லாத் தரிப்பிடமும் ஒன்றுபோலத் தெரிந்தன. அவனுக்கு ஒவ்வொன்றும் புதிய கடிதம். நாட்டின் பெயர் மாறியது அவனுக்குத் தெரியாது. மண் மாறியது எங்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது. வாசித்து முடிக்கும்வரை அக்கா வாரை இழுக்காமல் நின்றார்.

இரண்டாம் நாள் போர்தோ. கறோன் ஆற்றங்கரையில் கறுப்பன் நிழலில் படுத்திருக்க, 1940 ஜூனில் இந்த நகரத்தில் போர்த்துக்கல் தூதரக அதிகாரியாக இருந்த அரிஸ்திதெஸ் டி சோசா மென்டெஸ் பற்றி அக்காவுக்குச் சொன்னேன். ஜெர்மன் படை நெருங்க, அகதிகள் இந்தத் தெருக்களை நிறைத்தார்கள். விசா கொடுக்காதே என்பது சர்வாதிகாரி சலசாரின் கட்டளை. மென்டெஸ் அதை மீறி ஆயிரக்கணக்கில் ஒப்பமிட்டார். பிறகு பதவி போனது. 1954இல் வறுமையில் இறந்தார். அக்கா கறுப்பனின் கோப்பை மடியில் வைத்துத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தார். "ஒரு கையெழுத்துத்தானே தம்பி" என்றார். ஒரு கையெழுத்துக்காக எத்தனை அலுவலகங்களின் வாசலில் நாங்கள் நின்றிருக்கிறோம் என்பதை இருவருமே அப்போது நினைத்திருப்போம்.

அதற்குத் தெற்கே லாண்ட் என்னும் பிரதேசம். ஒருகாலத்தில் சதுப்பு நிலம். இடையர்கள் பொய்க்காலில் நின்று ஆடு மேய்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீரை வடித்துப் பைன் நட்டார்கள். இன்று கண்ணுக்கெட்டியவரை பைன்தான். கிளை நுனிகளில் வெள்ளைப் பஞ்சு சுற்றிவைத்ததுபோல் கூடுகள் தொங்கின. கறுப்பனை இறக்கப் போன அக்கா, அவற்றைக் கண்டதும் கதவைச் சாத்தினார். அவை பைன் ஊர்வலப்புழுக்களின் கூடுகள். மாரி முடியும்போது புழுக்கள் மரத்தை விட்டிறங்கி, ஒன்றின் வாலை ஒன்று தொட்டு, நீண்ட கயிறுபோல நிலத்தில் போகும். முகர்ந்து பார்க்கும் நாயின் நாக்கில் அவற்றின் நுண்மயிர் பட்டால் நாக்கு வீங்கி அழுகியும் போகலாம். போர்த்துக்கலிலும் இவை உண்டு. இன்னும் தெற்கே, வெப்பகாலத்து மாலைகளில் மணல் ஈ கடித்து வரும் லீஷ்மேனியா நோயும் உண்டு. அதற்கென்று மருந்து ஊறிய கழுத்துப்பட்டி ஒன்றைக் கறுப்பன் ஏற்கனவே அணிந்திருந்தான். பன்னிரண்டு வருடம் லண்டன் பூங்காக்களில் எதையும் நம்பி முகர்ந்தவன் அவன். புது நாட்டில் எதை முகரக்கூடாது என்று அவனுக்குச் சொல்ல வழியில்லை. சொல்ல முடியாததையெல்லாம் அக்காதான் அவனுக்காக அறிந்துவைத்திருக்க வேண்டும்.

பிரான்சும் ஸ்பெயினும் சந்திக்கும் இடத்தில் பிடாசோவா ஆறு. அதன் நடுவே யாரும் வசிக்காத ஒரு சிறு தீவு. 1659இல் இரு அரசுகளும் அங்கேதான் சமாதான உடன்படிக்கை செய்தன. இன்றும் அந்தத் தீவு ஆறு மாதம் ஸ்பெயினுக்கு, ஆறு மாதம் பிரான்சுக்கு. சண்டையில்லாமல், தோட்டா இல்லாமல், வருடத்தில் இரண்டு தடவை நாடு மாறும் மண். பாலத்தைத் தாண்டும்போது யாரும் எங்களை மறிக்கவில்லை. எல்லை என்றால் மறிப்பு என்று வளர்ந்த எங்களுக்கு அந்த அமைதி பழகச் சற்று நேரம் எடுத்தது.

கஸ்டீல் மேட்டுநிலம் முழுக்க வெட்டவெளி. மணிக்கூண்டுகளின் மேல் நாரைக்கூடுகள். புர்கோசில் தங்கிய இரவு கறுப்பன் உணவைத் தொடவில்லை. முதல்நாளும் அரைவயிறுதான் தின்றிருந்தான். அறையின் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான், லண்டன் வீட்டுக்குப் போகும் நேரம் வந்துவிட்டது என்பதுபோல. அக்கா கட்டிலிலிருந்து போர்வையை எடுத்து நிலத்தில் விரித்து அவன் பக்கத்தில் படுத்தார். விளக்கை அணைத்து வெகுநேரத்துக்குப் பிறகு இருட்டுக்குள் கேட்டார்:

"வீமனை நீ அவிட்டுத்தானே விட்டனி?"

இருபத்தொன்பது வருடங்களில் அதை அவர் என்னிடம் கேட்டது முதல் தடவை.

1995 ஒக்டோபர் 30. ஒலிபெருக்கிகள் யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தை விட்டு வெளியேறச் சொன்ன இரவு. மழை. லட்சக்கணக்கான சனம் நாவற்குழிப் பாலத்தை நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. அக்கா வைத்தியசாலையில் கடமையில் இருந்தார். அம்மாவும் நானும்தான் வீட்டில். வீமன் அக்கா போத்தலில் பால் பருக்கி வளர்த்த நாய். நான் அவன் சங்கிலியை அவிழ்த்தேன். அம்மா வீட்டைப் பூட்டி, திறப்பை மடியில் செருகினார். வீமன் செம்மணி வரை எங்களோடு வந்தான். பிறகு அந்தச் சனத்துக்குள் அவனைக் காணவில்லை. சாவகச்சேரியில் அக்கா எங்களைக் கண்டுபிடித்தபோது அம்மாவின் பைக்குள் திறப்பும் இருந்தது, சங்கிலியும் இருந்தது. ஏன் சங்கிலியை எடுத்து வைத்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. அக்கா அதை எடுத்துப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த சித்திரையில் அம்மா திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரையில்லை, கதவுமில்லை. ஊரைவிட்டுப் போக மாட்டேன் என்று தங்கிவிட்ட கிழவி ஒருவர் சொன்னாராம்: வீமன் திரும்பி வந்து படலையடியில் பல நாள் றோட்டைப் பார்த்தபடி படுத்திருந்தது என்று. அதற்குப் பிறகு நடந்ததை அவர் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

"ஓம் அக்கா, அவிட்டுத்தான் விட்டனான்" என்றேன். கறுப்பனின் மூச்சு சீராகும்வரை அவர் பேசவில்லை. "மனுசருக்கு ஷெல் அடிக்கிறாங்கள் எண்டு சொல்லலாம். அவனுக்கு என்னத்தைச் சொல்லி விளங்கப்படுத்துறது? விட்டிட்டுப் போட்டினம் எண்டுதானே நினைச்சிருப்பான்."

விடியற்காலையில் அவர் உள்ளங்கையில் வைத்துக் கொடுத்த சோற்றைக் கறுப்பன் தின்றான்.

ஸ்பெயினைத் தாண்டினால் முதலில் வரும் போர்த்துக்கல் ஊர் விலார் ஃபொர்மோசோ. ரயில் நிலையத்தின் சுவர்களில் நீலமும் வெள்ளையுமான ஓட்டுச் சித்திரங்கள். 1940இல் போர்தோவில் மென்டெஸிடம் விசா வாங்கியவர்களில் பலர் இறங்கிய மேடை இதுதான். 2017இல் பக்கத்துக் களஞ்சியங்களை அந்த அகதிகளின் அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். வந்தவர்களுக்கு ஊர்ச்சனம் சூப்பும் பாணும் கொடுத்தார்களாம்.

இதே பாதையில் எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. 1960களில் வறுமைக்கும் ஆபிரிக்கக் காலனிப் போர்களுக்கும் தப்பி, லட்சக்கணக்கான போர்த்துக்கீசர் கடவுச்சீட்டில்லாமல் மலைகள் கடந்து பிரான்சுக்குப் போனார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பாய்ச்சல்'. கிளம்பும்போது ஒரு புகைப்படத்தை இரண்டாகக் கிழித்துப் பாதியை வீட்டில் வைப்பார்கள். மறுபாதி போகிறவரிடம். அவர் பத்திரமாகச் சேர்ந்து அந்தப் பாதி வீட்டுக்குத் திரும்பி வந்தால்தான் வழிகாட்டிக்குப் பணம். அப்படிப் போனவர்களின் வீடுகள்தான் இன்று இந்த மலையடிவாரங்களில் பூட்டிக் கிடக்கின்றன. அக்கா வாங்கியதும் அப்படி ஒரு வீடு. உரிமையாளரின் பிள்ளைகள் பாரிஸில் இருக்கிறார்கள். ஓடிப்போனவர்களின் வீட்டில் ஓடிவந்த ஒருவர் குடியேறுகிறார்.

கிராமத்துக்கு முன் செர்ரா தா எஸ்த்ரேலா மலை. உச்சி 1,993 மீற்றர், பங்குனியிலும் பனி. அந்த மலையின் பெயரையே கொண்ட நாய் இனம் அங்கே இருக்கிறது. கழுத்தில் சடை, அகன்ற நெற்றி, ஓநாயிடமிருந்து மந்தையைக் காக்கப் பல நூற்றாண்டுகளாகப் பழக்கப்பட்ட இனம். வளைவொன்றில் ஆடுகள் றோட்டை மறித்தன. அவற்றின் நடுவிலிருந்து அப்படி ஒரு நாய் எழுந்து வந்து, காரின் கண்ணாடிக்கு வெளியே நின்று, கறுப்பனை நெடுநேரம் பார்த்தது. குரைக்கவில்லை. இரண்டும் ஒன்றையொன்று அளந்து முடித்தபின் அது மந்தைக்குத் திரும்பியது. இந்த நாட்டில் கறுப்பனைப் பரிசோதித்த முதல் அதிகாரி அதுதான்.

ஃபுண்டாவ் பக்கம் செரிமரங்கள் பூத்திருந்தன. வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு மூதாட்டி திறப்போடு காத்து நின்றார். கறுப்பு உடை, தோளில் கறுப்புச் சால்வை. கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போய் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். 'கதெய்ரா' என்றார். அக்கா கதிரையைப் பார்த்தார். 'ஜனெலா.' யன்னல். 'அர்மாரியு.' அலுமாரி. 'குஸீஞா' என்று சொல்லிக் குசினியைத் திறந்தபோது அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். மேசையில் துணியால் மூடி வைத்திருந்தது பாண். மூதாட்டி நீட்டியது 'ஷாவ்'. தமிழ்நாட்டார் சாவி என்பது. அதற்கு மட்டும் நாங்கள் யாழ்ப்பாணத்தில் சொந்தச் சொல்லை வைத்துக்கொண்டோம்: திறப்பு.

இந்தச் சொற்கள் எங்களிடம் வந்த வழி இனிமையானதல்ல. 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்தவர்கள் இந்த நாட்டார். சங்கிலி மன்னனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். நல்லூர்க் கோயிலை இடித்தார்கள். சிறுவயதில் எங்கள் வாத்தியார் அதைச் சொல்லும்போது குரல் நடுங்கும். நானூறு வருடம் கழிந்து, வீடிழந்த ஒரு யாழ்ப்பாணத்துப் பெண், அவர்கள் விட்டுப்போன சொற்களைக் கொண்டே அவர்கள் ஊரில் ஒரு வீட்டை அடையாளம் கண்டுகொள்கிறார். வரலாறு இதற்காக மன்னிக்கப்படுவதில்லை. ஆனால் அந்தக் குசினியில் நின்ற இரண்டு முதிய பெண்களுக்கிடையே அது ஒரு பாலமாகியது.

வந்த மறுநாள் உள்ளூராட்சி அலுவலகத்துக்குப் போனோம். நாய்க்கும் அங்கே பதிவு வேண்டும். 2017இல் இந்த நாடு சட்டத்தை மாற்றி, விலங்கு ஒரு பொருளல்ல, உணர்வுள்ள உயிர் என்று எழுதியது. ஆனாலும் கிராமத்துத் தோட்டங்களில் சங்கிலியில் கட்டிய நாய்களைக் கண்டோம். எழுத்து முன்னே போகிறது, கை மெல்லப் பின்னே வருகிறது.

மிருக வைத்தியர் அடுத்த பட்டணத்தில். அவர் கறுப்பனின் இடுப்பை அழுத்திப் பார்த்து, அக்காவுக்கு விளங்கும்படி விரல்களால் எண்ணிக் காட்டினார்: இன்னும் ஒரு வருடம், இரண்டு வருடம். திரும்பி வரும்போது அக்கா அழவில்லை. தோட்டத்து ஒலிவ மரத்தடியைக் காட்டி, "நல்ல மண், தம்பி" என்றார். அதன் பொருள் எனக்கு விளங்கியது.

இந்த நாட்டின் தெற்கே சாடோ ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட நாயின் புதைகுழி ஒன்றைத் தொல்லியலாளர் கண்டிருக்கிறார்கள். பயிர்செய்யத் தொடங்காத, மீனும் சிப்பியும் தேடித் தின்ற மனிதர்கள் ஒரு நாயைத் தங்கள் இறந்தவர்களைப் போலவே கிடத்தி மண்ணிட்டிருக்கிறார்கள். திருவண்ணாமலைப் பக்கம் எடத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாய் நிற்கிறது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். மனிதன் ஓரிடத்தில் தங்கியதற்கு வைத்த பழைய சாட்சிகளில் நாய்க்கு இட்ட மண்ணும் ஒன்று. வீமனுக்கு அது கிடைக்கவில்லை. கறுப்பனுக்குக் கிடைக்கும். முதுமையில் இத்தனை பாடுபட்டு அக்கா கொண்டுவந்து சேர்த்தது அந்த உறுதியைத்தான் என்று நினைக்கிறேன்.

வாசலுக்கு உட்புறம் ஆணி ஒன்று இருந்தது. புது வீட்டின் திறப்பையும் கறுப்பனின் தோல்வாரையும் அக்கா அதில் மாட்டினார். பிறகு கைப்பையிலிருந்து அம்மாவின் திறப்பை எடுத்தார். துருப்பிடித்தது, கதவில்லாதது. அதையும் அதே ஆணியில் மாட்டினார்.

நான் புறப்படுவதற்கு முந்தின பின்னேரம், கறுப்பன் மெல்ல நொண்டியபடி படலையடிக்குப் போனான். றோட்டைப் பார்த்தபடி படுத்தான். காதுகள் நிமிர்ந்திருந்தன. லண்டனில் அத்தான் வேலையால் வரும் நேரம் அது. அக்கா குசினி யன்னலால் அதைக் கண்டார். கையிலிருந்த கோப்பையை வைத்தார். கூப்பிடவில்லை. ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் வைத்து, அவன் பார்த்த திசையிலேயே பார்த்தபடி இருந்தார்.

செரிமரங்களின் மேல் வெளிச்சம் தாழ்ந்தது. பக்கத்து வீட்டு மூதாட்டி தன் படலையைச் சாத்தினார். இருட்டிக் குளிர் ஏறியதும் கறுப்பன் தானாக எழுந்து, உடம்பை ஒருதரம் உதறி, அக்காவுக்கு முன்னால் நடந்து வீட்டுக்குள் போனான்.